சிங்கப்பூரிலிருந்து லுவாங் பிரபாங் வரை ரயிலில்: சிக்கலெல்லாம் இணைப்புகளில்தான்

சிங்கப்பூரில் ஏறியதிலிருந்து லாவோஸின் லுவாங் பிரபாங்கில் இறங்கும் வரை எந்த ரயிலும் எங்களைக் கைவிடவில்லை. ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் இருப்பவைதான் பாடாய்ப் படுத்தின. எல்லை, இடைத்தரகர், ஒரே ஊரில் இருக்கும் இரண்டு மூன்று நிலையங்கள் என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. இந்தப் பாதையில் போக நினைக்கிறவர்கள், முக்கியமாக வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், படித்துவிட்டுக் கிளம்பட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் போனது எழுபதைத் தாண்டிய என் அப்பாவோடு.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கே உட்லண்ட்ஸில் தெப்ராவ் ரயில். சிங்கப்பூர், மலேசியா இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஏறுவதற்கு முன்பே அங்கேயே முடிந்துவிடும். ஐந்து நிமிடத்தில் ஜொகூர் பாரு. வார இறுதி என்றால் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். கோலாலம்பூரில் பத்துமலையின் 272 படிகளையும் அப்பா நின்று நின்று ஏறிவிட்டார். பட்டர்வொர்த் வரை மின்சார ரயில், இறங்கியதும் பக்கத்திலேயே பினாங்குக்குப் படகு. ஜார்ஜ் டவுனில் குவீன் தெரு மாரியம்மன் கோயில், லிட்டில் இந்தியாவில் தயிர்சாதப் பொட்டலம். இதுவரை சொல்வதற்குக் குறையே இல்லை.

மலேசியா–தாய்லாந்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசாரில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயிலில் அங்கே போய்விடலாம். மலேசிய, தாய்லாந்து குடிநுழைவு இரண்டும் அந்த ஒரே நிலையத்துக்குள் இருக்கின்றன. அங்கிருந்து மாலையில் ஒரு படுக்கை வசதி ரயில் நேராக பாங்காக் போகிறது. அதற்கு ஊரிலிருந்தே பதிவு செய்ய முயன்றபோது எங்கள் வங்கி அந்தப் பரிவர்த்தனையை நிறுத்திவிட்டது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை செயலியில் திறந்துவைத்திருந்தும் நிறுத்தியது, கேட்டால் ‘பாதுகாப்புக் காரணம்’. நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் ஓர் இடைத்தரகுத் தளத்தில், கூடுதல் கட்டணம் கொடுத்து, இரண்டு கீழ்ப் படுக்கை வாங்கினேன். ‘பயணச்சீட்டு உறுதி’ என்று மின்னஞ்சலும் வந்தது. அதன் அடியில் தாய்லாந்து எழுத்தில் சில வரிகள் இருந்தன.

பாடாங் பெசாரில் அந்தத் தாளை நீட்டினேன். கவுன்டரில் இருந்த அம்மாள் அந்தத் தாய்லாந்து வரிகளைப் படித்துவிட்டுப் பாவமாகப் பார்த்தார். இது சீட்டு இல்லை, வெறும் வவுச்சர். அசல் சீட்டை தாய்லாந்துக்குள் இருக்கும் ஹாட்யாயில், ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஓர் அலுவலகத்தில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அலுவலகம் 5 மணிக்கு மூடிவிடும். அசல் சீட்டு கையில் இல்லாமல் இங்கே ஏற முடியாது. ஏற முடிகிற ஊரில் சீட்டு இல்லை, சீட்டு இருக்கிற ஊருக்கு இந்த ரயிலில் போக முடியாது. பாடாங் பெசாரிலிருந்து ஏறுவதற்கென்றே சேர்த்துப் பணம் வாங்கியிருந்தார்கள். எனக்குக் கையெல்லாம் நடுங்கியது.

அந்த அம்மாள்தான் வழி சொன்னார். ஹாட்யாய்க்கு ஒரு சின்ன இணைப்பு ரயில் அதற்கு முன்னால் கிளம்பும். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் கையில் தாய்லாந்துப் பணமான பாட் ரொக்கமாக இருக்க வேண்டும். அதிர்ஷ்டவசமாகப் பினாங்கிலேயே கொஞ்சம் மாற்றி வைத்திருந்தோம். நீங்களும் எல்லை நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கொஞ்சம் பாட் முன்கூட்டியே பையில் இருக்கட்டும்.

எங்களைக் காப்பாற்றிய இன்னொன்று கடிகாரம். மலேசிய நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. வடக்கே போகிறவர்களுக்கு அந்த ஒரு மணி லாபம். என் கைக்கடிகாரத்தில் ஐந்து தாண்டிவிட்டது, ஆனால் ஹாட்யாயில் இன்னும் ஐந்தாகவில்லை. இதே பாதையில் தெற்கே வருகிறவர்களுக்கு அந்த ஒரு மணி நஷ்டம். ஆகவே இணைப்பு ரயில் பார்க்கும்போது, தாளில் அச்சிட்டிருப்பது எந்த நாட்டு நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவை நிலையத்துப் பெஞ்சில் பெட்டிகளோடு உட்காரவைத்துவிட்டு ஓடினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஓர் இளைஞர் அலைபேசியில் இருந்து தலையைத் தூக்காமலே வவுச்சரை வாங்கி, ஓர் உறையைத் தள்ளினார். பிரித்துப் பார்த்தால் இரண்டும் மேல் படுக்கை.

கீழ்ப் படுக்கைக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேனே என்றேன். “ஒரே ரயில், ஒரே மெத்தை” என்றார். அப்பாவின் பாஸ்போர்ட்டில் பிறந்த வருடத்தைக் காட்டினேன், முழங்கால் வலியைச் சொன்னேன். “ஃபுல்” என்ற ஒரு சொல்லோடு ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினார். ஒரே மெத்தை என்பது பொய். தாய்லாந்தின் இரண்டாம் வகுப்பில் கீழ்ப் படுக்கை அகலம், சன்னலும் அதற்குத்தான். மேலே இடம் குறுகல், ஏற செங்குத்தான ஏணி. விலையும் அதனால்தான் வேறு வேறு. சண்டை போட்டுக்கொண்டிருந்தால் ரயில் போய்விடும். வவுச்சரை அவர் குப்பையில் போடப் போனபோது கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்னால் அது உதவியது.

ரயிலில் ஏறியதும் நடத்துநரிடம் இரண்டு சீட்டையும் காட்டி, அப்பாவையும் ஏணியையும் மாறி மாறிக் கையால் சுட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரத்தில் படுக்கை போடுகிற பணியாளர் வந்தார். எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்தார், நடுவில் இடைவெளி தெரியாமல் பொருந்தியது. மேலே சாவி போட்டுத் திருப்பியதும் மேல் தட்டு மெதுவாகக் கீழிறங்கியது. உறையிட்ட மெத்தை, வெள்ளை விரிப்பு, தலையணை, கடைசியில் திரைச்சீலையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினார். ஒரு படுக்கைக்கு இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எங்களுக்குக் கீழே இருந்த படுக்கைக்கு உரியவர் ஒரு கல்லூரிப் பையன். பணியாளர் அவனிடம் ஏதோ சொன்னார். அவன் அப்பாவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, தன் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டான். அப்பா அவன் கையில் பினாங்குக் கடலை மிட்டாய் பாக்கெட்டைத் திணித்த பிறகுதான் படுத்தார். அன்று முழுக்க நான் இழந்திருந்த நிம்மதி அந்த நேரத்தில் திரும்ப வந்தது.

பாங்காக்கில் ஒரு விஷயம் நன்றாக நினைவில் இருக்கட்டும். 2023 ஜனவரி முதல் நெடுந்தூர ரயில்களில் பெரும்பாலானவை குருங் தேப் அபிவத் என்ற பெரிய புதிய நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பழைய ஹுவாலம்போங் நிலையம் இன்னும் இருக்கிறது, சில டாக்சிக்காரர்கள் ‘ரயில் நிலையம்’ என்றால் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறார்கள். புதிய நிலையம் இருக்கும் பகுதி பாங் சூ. அந்தப் பெயரைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

காஞ்சனபுரிக்கு இந்த இரண்டு நிலையத்திலும் போகக் கூடாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொன்புரி நிலையத்துக்குப் போக வேண்டும். மூன்றாம் வகுப்பு மட்டும்தான், மின்விசிறி, முன்பதிவு கிடையாது. வெளிநாட்டவருக்குச் சீட்டு 100 பாட். நாங்கள் தங்கிய விடுதியின் முகப்பில் இருந்தவர், அப்படி ஒரு ரயிலே இல்லை, வேன் சுற்றுலாதான் ஒரே வழி என்று அடித்துச் சொன்னார். அவர் கேட்ட தொகையில் நாங்கள் பல முறை ரயிலில் போய் வரலாம். காலை ரயில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது.

இந்தப் பயணம் முழுவதுமே அந்த ஊருக்காகத்தான். அப்பாவின் பெரியப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். ஜப்பானியர் காலத்தில் சயாம்–பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள் என்பதுதான் குடும்பத்துக்குக் கிடைத்த கடைசிச் செய்தி. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் இணைந்தன. கைதிகளாகப் பிடிபட்ட நேசநாட்டுப் படையினர் 12,000 பேருக்கு மேல் அதில் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போலப் பல மடங்கு, அவர்களில் மலாயாத் தமிழர்கள் ஏராளம்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே போர்க் கல்லறைத் தோட்டம். புல் வெட்டி, ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, படைப்பிரிவு என்று அவ்வளவு நேர்த்தியாக வைத்திருக்கிறார்கள். அப்பா வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டே நடந்தார். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் பெயர்கள். நம்மவர்களுக்கு அங்கே கல் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போங்கள், இல்லையென்றால் மனது உடைந்துவிடும். ஆசியத் தொழிலாளர்களுக்கான நினைவிடம் அதே ஊரில் வாட் தவோர்ன் வராராம் என்ற புத்த விகாரையில் இருக்கிறது. தமிழர்களுக்காக நட்ட நடுகல்லும் அங்கேதான். வேன் சுற்றுலாக்காரர்கள் அந்த ரயில்பாதையின் ஆற்றுப் பாலத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் காட்டித் திருப்பிவிடுவார்கள், இங்கே பெரும்பாலும் வர மாட்டார்கள். நாமே கேட்டுப் போக வேண்டும். அப்பா கொஞ்சம் விபூதி கொண்டுவந்திருந்தார். அதை வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று மதியமே பாங்காக் திரும்பும் திட்டத்தைக் கைவிட்டு இரவு அங்கேயே தங்கினோம். முடிந்தால் நீங்களும் ஓர் இரவு ஒதுக்குங்கள், மறுநாள் ‘நாம் டோக்’ என்ற நிலையம் வரை போகும் ரயிலில் குன்றை ஒட்டிய மரப்பாலத்தையும் பார்க்கலாம்.

அடுத்து லாவோஸ். பாங்காக்கிலிருந்து அதன் தலைநகர் வியன்டியானுக்கு நேரடி இரவு ரயில் 2024 ஜூலையில்தான் வந்தது. சீட்டை இந்த முறை நிலையக் கவுன்டரிலேயே, இரண்டு பாஸ்போர்ட்டையும் கொடுத்து வாங்கினேன். படுக்கை வரைபடத்தைத் திரையில் காட்டி, கீழ்ப் படுக்கை இரண்டையும் எங்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இடைத்தரகர் வாங்கியதைவிடக் குறைந்த பணத்தில், பத்து நிமிட வேலை.

காலையில் நோங் காயில் பெட்டி படுக்கையோடு எல்லோரும் இறங்கித் தாய்லாந்து முத்திரை வாங்கிவிட்டு, மீண்டும் ஏறி மேகாங் ஆற்றைக் கடக்க வேண்டும். லாவோஸ் குடிநுழைவு வியன்டியானின் கம்சவாத் நிலையத்தில். வந்திறங்கியதும் விசா அங்கேயே கிடைத்தது. கசங்காத அமெரிக்க டாலர், பாஸ்போர்ட் அளவுப் படம், ஒரு பேனா. இந்த மூன்றும் கையில் இருந்தவர்கள் வரிசையில் முந்திவிட்டார்கள். பேனா இல்லாமல் ஒரு கூட்டமே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றது.

அப்புறம் மறுபடியும் நிலையக் குழப்பம். லுவாங் பிரபாங் போகும் லாவோஸ்–சீன ரயில் கம்சவாத்திலிருந்து கிளம்பாது. அதற்கு வேறு நிலையம், அதுவும் ஊருக்கு வெளியே. ஒரே காலையில் இறங்கி இதில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், வியன்டியானில் ஓர் இரவு தங்குங்கள். அந்த ரயிலில் பாதுகாப்புச் சோதனை விமானநிலையம் போலவே. பெட்டிக்குள் அடியில் வைத்தாலும் கத்தி, கத்தரிக்கோல், அழுத்தக் குப்பி எதுவும் போகாது. அப்பாவின் முழங்கால் வலி ஸ்பிரே அங்கேயே போனது. அதற்குப் பதில் களிம்பு எடுத்துப் போங்கள்.

2021 டிசம்பரில் திறந்த பாதை அது. சுரங்கம் சுரங்கமாகப் புகுந்து இரண்டு மணி நேரத்தில் லுவாங் பிரபாங்கில் விட்டது. முன்பு மலைச்சாலையில் பகல் முழுக்க ஆகும். ஊரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். வாட் சியெங் தோங் கோயிலின் தாழ்ந்து இறங்கும் கூரையை மட்டும் சாயங்கால வெயிலில் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. மலேசியா, தாய்லாந்து இரண்டுக்கும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். இரண்டும் இலவசம். தேடினால் முதலில் வருவது பணம் கேட்கும் போலித் தளங்கள், அரசு முகவரியா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

ஊர் திரும்பியதும் இடைத்தரகுத் தளத்துக்கு எழுதினேன். ‘சேவை வழங்கப்பட்டுவிட்டது’ என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். கடைசியில் வங்கியில் அட்டைத் தகராறு பதிந்து, ‘கீழ்ப் படுக்கை, பாடாங் பெசார்’ என்று அச்சிட்ட வவுச்சரையும், ‘மேல் படுக்கை, ஹாட்யாய்’ என்று அச்சிட்ட சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து இணைத்தேன். படுக்கை வித்தியாசமும் சேவைக் கட்டணமும் போன வாரம் கணக்கில் திரும்ப வந்துவிட்டன. அந்தக் காகிதங்களை மட்டும் வழியில் எங்கேயும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.