பெரியப்பா ஐரோவைப் பின்தொடர்ந்து: ‘அவதார்’ மறுபார்வை நாட்குறிப்பு

ஜூன் 6

நிக்கலோடியனில் 2005 முதல் 2008 வரை ஒளிபரப்பான ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ அனிமேஷன் தொடரை, நீர், நிலம், நெருப்பு, காற்றைத் தம் அசைவுகளால் ஆள்வோரின் உலகில் நடக்கும் கதையை, முதலிலிருந்து மறுபடியும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ‘நீர்’, ‘நிலம்’, ‘நெருப்பு’ என்று மூன்று பாகங்கள், மொத்தம் 61 அத்தியாயங்கள். கதை எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்ததுதான் என்பதால், இம்முறை நாயகன் ஆங்கை அவன் போக்கில் விட்டுவிட்டு, நெருப்பு தேசத்து இளவரசன் ஸூக்கோவின் பெரியப்பா ஐரோவின் மீதே கண்ணை வைத்திருக்கிறேன்.

தொடக்கத்தில் அவருக்கு வேலை என்று எதுவும் இல்லை. கப்பல் தளத்தில் உட்கார்ந்துகொண்டு தேநீரின் அருமையைச் சொல்கிறார். வறுத்த வாத்தை இன்னும் தின்று முடிக்கவில்லை என்கிறார். முதன்முறை பார்ப்பவர் எவரும் இவரைச் சிரிப்புக்காகச் சேர்த்த பாத்திரம் என்றே எண்ணுவர். தொடரை உருவாக்கிய மைக்கேல் டான்டே டிமார்ட்டினோவும் பிரையன் கொனியெட்ஸ்கோவும் நாம் அப்படி எண்ண வேண்டும் என்றே விரும்பியிருக்க வேண்டும்.

ஜூன் 10

முதல் பாகத்தின் 11ஆம் அத்தியாயத்தைத் தயக்கமின்றித் தாண்டிவிட்டேன். பிற்பாடு தொடரே அதைக் கேலி செய்கிறது, நான் மட்டும் ஏன் மரியாதை காட்ட வேண்டும்? அடுத்ததான ‘தி ஸ்டார்ம்’ அத்தியாயத்தில்தான் ஸூக்கோவின் முகத்தழும்பின் கதை வருகிறது. புதிதாகச் சேர்ந்த வீரர்களைப் பலிகொடுக்கத் திட்டமிட்ட தளபதியை எதிர்த்துப் போர்மன்றத்தில் அவன் வாய் திறக்கிறான். அதற்கான தண்டனையாக அமைந்த நெருப்புச் சண்டையில், தளபதியை எதிர்பார்த்துத் திரும்புகிறவன் முன்னால் பெற்ற தகப்பனே வந்து நிற்கிறான்.

தகப்பன் கை ஓங்கும் அந்த நொடியில் படம் பார்வையாளர் வரிசைக்குத் திரும்புகிறது. ஐரோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதே வரிசையில், முஷ்டியை மடக்கிக்கொண்டு ஒரு சிறுமி புன்னகைக்கிறாள். அவள் ஸூக்கோவின் தங்கை அசூலா. முதன்முறை பார்க்கும்போது அவள் யாரென்று தெரிய வழியே இல்லை. தெரிந்து பார்க்கும்போதோ, திரும்பிக்கொண்ட அந்த முகமும் சிரிக்கும் இந்த முகமும் அடுத்த இரண்டு பாகங்களின் மோதலை முழுவதுமாகச் சொல்லிவிடுகின்றன.

ஜூன் 15

இரண்டாம் பாகத்தின் ‘ஸூக்கோ அலோன்’. ஆங் தலைகாட்டாத இந்த அத்தியாயத்தின் பழைய நினைவுகளில், பா சிங் சே நகரை முற்றுகையிட்டிருக்கும் தளபதி ஐரோவிடமிருந்து அரண்மனைக்குக் கடிதம் வருகிறது. நகரைக் கொளுத்திச் சாம்பலாக்காமல் விட்டுவைத்தால் நீங்களும் ஒருநாள் இதைப் பார்க்கலாம் என்று அவர் வேடிக்கையாக எழுதியிருப்பதைக் கேட்டுத் தாயும் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். ஸூக்கோவுக்கு ஒரு குத்துவாள், அசூலாவுக்கு ஒரு பொம்மை. பொம்மையை அவள் எரித்துவிடுகிறாள். சிறிது காலத்துக்குள் ஐரோவின் மகன் லூ டென் போரில் மாண்ட செய்தி வருகிறது. 600 நாள் நீண்ட முற்றுகையைக் கைவிட்டு அவர் திரும்புகிறார். தேநீர் தேநீர் என்று உருகும் அந்த மனிதர் ஒரு நகரத்தை எரிப்பதைப் பற்றிக் கேலியாக எழுதியவர் என்பதைத் தொடர் எங்கும் மழுப்பவில்லை.

‘பிட்டர் ஒர்க்’ அத்தியாயத்தில், மின்னலைத் தன்னுடலின் வழியே வாங்கி வேறு திசையில் செலுத்த அவர் ஸூக்கோவுக்குக் கற்றுத்தருகிறார்: ஒரு கை, தோள், வயிறு, மறு கை, இதயத்தின் வழியே மட்டும் செல்ல விடக்கூடாது. நெருப்பை ஆள்வோரின் அசைவுகள் வட ஷாவோலினையும், நீரை ஆள்வோரின் அசைவுகள் தாய்ச்சியையும் அடிப்படையாகக் கொண்டவை. இது நீராள்வோரைப் பார்த்துத் தாமே கண்டுபிடித்த உத்தி என்று ஐரோ சொல்லும்போது, அவர் கைகள் வெட்டாமல் குத்தாமல் வழுக்கிச் செல்வதைக் கண்ணாலேயே காணலாம்.

ஜூன் 18

‘டேல்ஸ் ஆஃப் பா சிங் சே’. அன்று முற்றுகையிட்ட நகரத்திலேயே இன்று அகதியாக ஒளிந்து வாழும் ஐரோ, ஒரு நாள் முழுதும் தெருவில் நடக்கிறார். அழும் குழந்தைக்குப் பாடிக் காட்டுகிறார். வழிப்பறி செய்ய வந்தவனுக்கு நிற்கும் முறை சரியில்லை என்று திருத்திச் சொல்லி, பிறகு அவனோடு உட்கார்ந்து பேசுகிறார். கடைசியில் குன்றின் மேல் மகனின் படத்தை வைத்து ஊதுவத்தி ஏற்றுகிறார். அன்று மகனின் பிறந்தநாள். காலையில் குழந்தைக்குப் பாடிய அதே பாட்டு இங்கே தொண்டையில் உடைகிறது.

ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாக்கோ 2006 ஜூலையில் காலமானார்; செப்டம்பரில் ஒளிபரப்பான இந்த அத்தியாயத்தின் இப்பகுதி அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. மூன்றாம் பாகத்தில் கிரெக் பால்ட்வின் குரல் கொடுத்திருக்கிறார். நன்றாகவே செய்திருக்கிறார், இருந்தாலும் அந்தக் கரகரப்பைத் தேடத்தான் செய்கிறேன்.

ஜூன் 24

இறுதிப் பகுதி. பெரியப்பாவைக் கைவிட்டுத் தங்கையின் பக்கம் சேர்ந்த ஸூக்கோ, மன்னிப்புக் கேட்கக் கூடாரத்துக்குள் நுழைந்தால் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். விடியும்வரை காத்திருந்து அவன் பேசத் தொடங்க, பாதிப் பேச்சிலேயே இழுத்து அணைத்துக்கொள்கிறார். இத்தனை சுருக்கமாக எழுதத் துணிச்சல் வேண்டும்.

ஸூக்கோவின் தகப்பனும் நெருப்பு தேசத்து அரசனுமான தம்பி ஓசாயை எதிர்க்க ஐரோ ஏன் போகவில்லை என்பதற்கும் விடை இருக்கிறது: அதிகாரத்துக்காக அண்ணன் தம்பியைக் கொன்றான் என்றே உலகம் சொல்லும் என்கிறார். வீடணனுக்கு முடிசூட்டிய கதையில் வளர்ந்த நமக்கு, வெல்லக்கூடிய பக்கத்தில் நின்றும் அரியணையைத் தம்பி மகனுக்கு விட்டுக்கொடுக்கும் இவர் புதியவராகத் தெரிகிறார். பா சிங் சேயை அவர் கடைசியில் கைப்பற்றத்தான் செய்கிறார், தம் சொந்த நாட்டுப் படையிடமிருந்து.

ஆங்கின் முடிவில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓசாயைக் கொல்லாமல் எப்படி வெல்வது என்ற கேள்வியைத் தொடர் நேர்மையாக எழுப்புகிறது. விடையைச் சிங்க ஆமை ஒன்று கடலிலிருந்து எழுந்து வந்து கொடுத்துவிட்டுப் போகிறது. ‘தி லைப்ரரி’ அத்தியாயத்தில் அதன் படத்தைப் பார்த்து ஆங் ஒரு வரி சொல்வதை இம்முறை கவனித்தேன். ஆனால் இவ்வளவு பெரிய தீர்வுக்கு அந்த ஒரு வரி போதாது. ஸூக்கோவின் தாய் எங்கே என்ற கேள்வியையும் அப்படியே தொங்கவிட்டு முடித்துவிட்டார்கள். அதற்கு விடை 2013இல் வந்த சித்திரக்கதையில்தான் இருக்கிறது. 61 அத்தியாயங்களில் அதற்கு ஒன்றை ஒதுக்கியிருக்கலாம், நான் தாண்டிய அந்த 11ஆம் அத்தியாயத்தின் இடத்திலேயே.