விற்பனை மேசையிலிருந்து முதலீட்டு மேசைக்கு

கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் கீழ்நிலை அலுவலராகச் சேர்ந்து, அந்தப் பிரிவின் தலைமைப் பொறுப்பு வரை வந்த பிறகு, ஐம்பதை நெருங்கும் வயதில் பெங்களூருவில் இயங்கும், வளரும் புது நிறுவனங்களில் பணம் போட்டுப் பங்கு வாங்கும் ஒரு துணிகர முதலீட்டு நிதியத்தில் பங்காளியாகச் சேர்ந்தேன். இதைப் பற்றி விசாரிப்பவர்கள், நிறுவனம் நடத்திய அனுபவம் முதலீட்டுக்கு மிகவும் கைகொடுத்திருக்குமே என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கைகொடுத்தது உண்மைதான், ஆனால் அவர்கள் மனத்தில் வைத்துக் கேட்கிற ஆள் நிர்வாகம், ஆண்டுத் திட்டம், பட்ஜெட் போன்றவை மிகக் குறைவாகவே பயன்பட்டன. பயன்பட்டது, கோடைக்காலத்தில் டீலர்களுக்குச் சரக்கைப் பிரித்துக் கொடுத்த பழக்கம்.

பம்பு வியாபாரம் பருவத்தை நம்பியது. தை முடிந்து கிணறுகளில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதும் நீர்மூழ்கி மோட்டாருக்குக் கேட்பு ஏறும். பருவமழை நன்றாகப் பிடித்துவிட்டால் அது சட்டென்று சரியும். அந்தச் சில மாதங்களில் தொழிற்சாலையால் கேட்ட அளவுக்குச் செய்துகொடுக்க இயலாது. செம்பு விலை ஏறிக் கிடக்கும் ஆண்டுகளில் முன்கூட்டியே சரக்கைச் செய்து குவித்துவைக்கவும் நிதிப் பிரிவு சம்மதிக்காது. ஆகவே பருவம் உச்சத்தில் இருக்கும்போது விற்பனைத் தலைவருக்கு விற்கிற வேலையே இருப்பதில்லை. எந்த டீலருக்கு எத்தனை மோட்டார் என்று தீர்மானிப்பதே முழுநேர வேலையாகிவிடும். பல ஆண்டுகளாக நம்முடன் இருப்பவர், அதிகம் வாங்குபவர், முன்பணம் கட்டுபவர் என்று எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, யாரும் கேள்விப்படாத ஊரில் புதிதாகக் கடை திறந்து, சுற்றுவட்டாரத்தில் மோட்டார் காயில் கட்டும் மெக்கானிக்குகள் அத்தனை பேரையும் தன் பக்கம் வைத்திருக்கும் ஓர் இளைஞருக்கு ஒரு லாரிச் சரக்கை அனுப்பலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். அனுப்பினால் பழைய டீலர் நேராக முதலாளியைத் தொலைபேசியில் பிடித்துவிடுவார். அனுப்பாவிட்டால் அந்த வட்டாரம் அடுத்த ஆண்டு போட்டி நிறுவனத்துக்குப் போய்விடும்.

டான் வாலன்டைனின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு இந்தச் சரக்குப் பங்கீடுதான் நினைவுக்கு வந்தது. 1972-இல் அமெரிக்காவில் செக்கோயா என்ற துணிகர முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். அதற்கு முன் மின்னணுச் சில்லு செய்யும் நிறுவனங்களான ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரிலும், 1967-க்குப் பின் நேஷனல் செமிகண்டக்டரிலும் விற்பனை, சந்தைப்படுத்தல் பொறுப்புகளில் இருந்தார். சில்லு வாங்க வருபவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கருவிக்கென்று ஒரு வடிவமைப்பைக் கேட்பார்கள். அத்தனையையும் செய்துகொடுக்கப் போதுமான பொறியாளர்கள் இருக்க மாட்டார்கள். எந்த வாடிக்கையாளரின் திட்டம் பிழைக்கும், எதற்குப் பின்னால் பெரிய சந்தை இருக்கிறது என்று பார்த்து ஆட்களை ஒதுக்க வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்துப் பார்த்து, அந்தச் சிறு நிறுவனங்கள் சிலவற்றில் தன் சொந்தப் பணத்தையும் போடத் தொடங்கினார். முதலீட்டாளராவதற்கு முன்பே அவர் முதலீட்டாளரின் வேலையைச் செய்துகொண்டிருந்தார். பணத்துக்குப் பதிலாக நிறுவனத்தின் பொறியாளர்களை ஒதுக்கினார், அவ்வளவுதான். நிறுவனரின் ஆளுமையைவிடச் சந்தையின் அளவையே பெரிதாக மதித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுவதற்கும் அடிப்படை இந்த விற்பனை மேசையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலீட்டாளரான பின் நிர்வாகி கைவிட வேண்டிய பழக்கங்களும் உண்டு. அவற்றில் முதலாவது ஆணையிடுவது. நிர்வாகி ஒரு குறையைக் கண்டால் அதைச் சரிசெய்யச் சொல்லிக் குறிப்பு அனுப்புவார், மறுவாரம் அது நடந்திருக்கும். முதலீட்டாளரிடம் அந்த அதிகாரம் கிடையாது. இயக்குநர் குழுவில் ஓர் இருக்கையும், ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட சில உரிமைகளும், கேள்வி கேட்கும் வாய்ப்பும்தான் இருக்கின்றன. குளிர்பதனக் கிடங்குகளுக்கான கருவி செய்யும் நிறுவனமொன்றின் கூட்டத்தில், நிலுவைத் தொகை ஏறிக்கொண்டே போகும் பட்டியலைக் காட்டிவிட்டு அதன் நிறுவனர், "சார், நீங்க இந்த வேலையைப் பார்த்தவர். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். பதில் நாக்கின் நுனியில் இருந்தது. எந்த வாடிக்கையாளருக்குக் கடனை நிறுத்துவது, யாரிடம் யாரை அனுப்பிப் பேசுவது என்பதெல்லாம் எனக்குப் பல ஆண்டுகள் பழகிய சங்கதிகள். ஆனால் நான் சொல்வதை அவர் அப்படியே செய்தால், அந்தக் கம்பெனியின் கடன் கொள்கை அதன்பின் என்னுடையதாகிவிடும். அடுத்த சிக்கலுக்கும் அவர் என்னையே எதிர்பார்ப்பார். பணம் தராதவர்களில் கருவி சரியில்லை என்று சொல்பவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டேன். அந்தக் கணக்கை யாரும் எடுத்திருக்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது சிக்கல் வசூலில் இல்லை, பழுதுபார்க்கும் சேவையில் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்தது.

வாலன்டைனும் ஆப்பிள் விஷயத்தில் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொண்டார். ஸ்டீவ் ஜாப்ஸ் வந்து கேட்டபோது உடனே பணம் தரவில்லை. சந்தைப்படுத்தல் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டால்தான் பேச முடியும் என்றார். தானே போய் உட்கார்ந்து சந்தைப்படுத்தலை நடத்தவுமில்லை. ஃபேர்சைல்டில் தன்னுடன் பணியாற்றி, பிறகு இன்டெலுக்குப் போய் இளம் வயதிலேயே ஓய்வுபெற்றிருந்த மைக் மார்க்குலாவை அடையாளம் காட்டினார். மார்க்குலா தன் பணத்தைப் போட்டு ஜாப்ஸுடனும் ஆப்பிளின் இன்னொரு நிறுவனரான வாஸ்னியாக்குடனும் சமபங்குதாரரானார், 1977 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனமாகப் பதிவானது. செக்கோயாவின் ஒன்றரை லட்சம் டாலர் 1978-இல்தான் உள்ளே வந்தது.

இரண்டாவது பழக்கம் நட்டத்தைப் பற்றியது. இதை மாற்றிக்கொள்ளத்தான் எனக்கு அதிகக் காலம் பிடித்தது. பம்பு நிறுவனத்தில் வாராக்கடன் என்பது குற்றப்பத்திரிகைக்குச் சமம். பத்து டீலர்களில் இருவர் பணம் கட்டாமல் போனால் விற்பனைத் தலைவரின் நாற்காலி ஆடத் தொடங்கும். முதலீட்டு நிதியத்தின் கணக்கு வேறு விதமானது. போட்ட பணத்தில் கணிசமான பகுதி திரும்பாது என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டு, ஓரிரு நிறுவனங்கள் மட்டும் பல மடங்கு வளர்ந்து மொத்த நிதியையும் ஈடுகட்டும் என்ற எதிர்பார்ப்பில்தான் எல்லாம் நடக்கிறது. ஆகவே "இது தோற்றால் எவ்வளவு போகும்?" என்ற கேள்விக்கு இங்கே பெரிய மதிப்பில்லை, ஏனெனில் போவது போட்ட தொகைக்கு மேல் இருக்க முடியாது. "இது ஜெயித்தால் எவ்வளவு பெரிதாக முடியும்?" என்பதைத்தான் முதலீட்டுக் குழு திரும்பத் திரும்பக் கேட்கிறது. நிர்வாகத்திலிருந்து வருபவர்கள் ஒழுங்கான, கட்டுப்பாடான, ஆண்டுக்குப் பதினைந்து சதவீதம் வளரக்கூடிய தொழில்களையே விரும்பித் தேர்ந்தெடுப்பதை நான் பலரிடமும் பார்த்திருக்கிறேன். அவை நல்ல தொழில்கள். வங்கிக் கடனுக்கு மிகவும் ஏற்றவை.

எப்போது விற்பது என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். செக்கோயா தன் ஆப்பிள் பங்குகளை 1979-இலேயே சுமார் 60 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் பங்குச் சந்தைக்கு வந்தது. இதை வாலன்டைனின் பெரிய சறுக்கலாகப் பலர் எழுதுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த முதல் நிதியின் மொத்த அளவே 30 லட்சம் டாலர்தான். ஒரே முதலீட்டில் நிதியைப்போல் இரு மடங்கைக் கையில் வாங்கி, பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தந்த பிறகுதான் இரண்டாவது நிதியைத் திரட்ட வாய் வரும். நிதியம் என்பது அடுத்தவர் பணம். இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, எங்களைப் போன்ற நிதியங்களுக்காக வகுத்த 2012 மாற்று முதலீட்டு நிதி விதிகளின்படி முதலீட்டாளர் ஒருவர் பொதுவாகக் குறைந்தது ஒரு கோடி ரூபாய் தர வேண்டும். நிதியத்தைத் தொடங்குபவரும் நிதியில் 2.5 சதவீதம் அல்லது 5 கோடி ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைத் தன் பங்காக வைத்திருக்க வேண்டும். அப்படித் தந்தவர்கள் எட்டாம், ஒன்பதாம் ஆண்டில் காகிதத்தில் ஏறிய மதிப்பைக் கேட்பதில்லை; வங்கிக் கணக்கில் வந்த தொகையைத்தான் கேட்கிறார்கள்.

கணினி வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோவின் கதையை மட்டும் என்னால் இவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய லியனார்ட் போசாக்கும் சாண்டி லெர்னரும் 1984-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில், பல முதலீட்டாளர்கள் மறுத்த பின், 1987-இல் செக்கோயா 25 லட்சம் டாலர் போட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வாங்கியது. தலைமை நிர்வாகியாக ஜான் மார்க்ரிட்ஜ் கொண்டுவரப்பட்டார். 1990 பிப்ரவரியில் பங்குகள் சந்தைக்கு வந்தன; அதே ஆண்டு ஆகஸ்டில், உயர் மேலாளர்கள் வாலன்டைனிடம் போய் முறையிட்டதைத் தொடர்ந்து, லெர்னர் வெளியேற்றப்பட்டார். போசாக்கும் உடன் வெளியேறினார். நிறுவனம் அதன்பின் வளர்ந்த வளர்ச்சியை வைத்துப் பார்த்தால் அந்த முடிவில் குறை காண்பது கடினம். இருந்தாலும், வாடிக்கையாளர்களுக்காக மேலாளர்களோடு ஓயாமல் சண்டையிட்ட ஒரு நிறுவனரும், அவரோடு பணியாற்ற முடியாது என்ற மேலாளர்களும் எதிரெதிரே நின்றபோது, முன்னாள் நிர்வாகியான முதலீட்டாளரின் காது மேலாளர்கள் பக்கம் சாய்வது எவ்வளவு இயல்பு என்பது எனக்குத் தெரியும். அவர்கள் பேசும் பாஷை நம்முடையது. புகாரைக்கூட ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொல்வார்கள். அப்படிப்பட்ட புகார் என் மேசைக்கு வரும்போதெல்லாம், தீர்மானிப்பதற்கு முன் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சிலரை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வாலன்டைன் பொறுப்பை இருவரிடம் ஒப்படைத்தார். ஒருவர் டக் லியோன், கணினி நிறுவனங்களில் விற்பனையில் இருந்தவர். அவரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. மற்றவர் மைக்கேல் மோரிட்ஸ், டைம் இதழின் செய்தியாளராக இருந்தவர், தொழில்நுட்ப நிறுவனம் எதையும் நடத்திப் பழகாதவர். யாகூவிலும் கூகுளிலும் செக்கோயா செய்த முதலீடுகள் அவர் கைவழியாக வந்தவை. எங்கள் நிதியத்தில் இப்போது ஓர் இளம் பங்காளியைத் தேடுகிறோம். வந்திருக்கும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை பெரிய நிறுவனங்களின் பொது மேலாளர்களிடமிருந்து வந்தவை, நான் ஒருகாலத்தில் எழுதியிருக்கக்கூடியவை. வேளாண் சந்தைகளைப் பற்றி நீண்டகாலம் செய்தி எழுதிவந்த ஒருவருடைய விண்ணப்பமும் அவற்றோடு இருக்கிறது. அவரையும் நேர்முகத்துக்கு அழைக்கச் சொல்லியிருக்கிறேன். சக பங்காளிகளில் இருவருக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை.