மீதிச் சில்லறை

"எதுக்கு மிஸ் கடன் வாங்கணும்? 37-க்கு மேல 3 போட்டா 40. அப்புறம் 10, அப்புறம் 2. பதினஞ்சு, அவ்ளோதான்!"

காசிமேட்டில் மூன்றாம் வகுப்பு. பலகையில் 52 - 37 எழுதி, பத்துகள் இடத்திலிருந்து கடன் வாங்குவதை விளக்கிக்கொண்டிருந்தேன்.

சொன்னவள், அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 'அரும்பு', அதாவது ஆரம்ப நிலை. நோட்டில் கழித்தல் போட்டால் பாதியில் நின்றுவிடுவாள்.

ஆனால் அம்மாவின் மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீதிச் சில்லறை கொடுத்துப் பழகிய கை. அங்கே யாரும் கழிப்பதில்லை. மீனின் விலையில் தொடங்கி, கொடுத்த பணம் வரை கூட்டிக்கொண்டே போகிறார்கள். அசல் கணக்கு முறைதான் அது.

ஆசிரியர் பயிற்சிக்கு வந்த புதிதில் பாடக்குறிப்பேட்டிலிருந்து கண்ணை எடுக்கவே பயப்படுவேன். இன்று அதை மூடி வைத்துவிட்டு, சாக்பீஸை அவளிடம் கொடுத்தேன்.

நீளமாக ஒரு கோடு. அதில் 37, 40, 50, 52. கடைசி பெஞ்ச் பையன்கள்கூட எழுந்து நின்று தாவித் தாவி எண்ணினார்கள். (சத்தம் பக்கத்து வகுப்பு வரை போயிருக்கும். போகட்டும்.)

கடன் வாங்கிக் கழிப்பதையும் சொல்லித்தரத்தான் வேண்டும். இனி அதை இந்தக் கோட்டிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது பாடக்குறிப்பை மாற்றி எழுத வேண்டும். வியாழக்கிழமை மேற்பார்வையாளர் வேறு வருகிறார்.