பேஸ்பால் கதவடைப்பு: நாட்குறிப்பு

டிசம்பர் 2, 2021

நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம் ஆனதும் அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீகான மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணி முதலாளிகளும் வீரர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். வீரர்கள் சங்கத்தோடு போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் அதோடு காலாவதி. இது கதவடைப்பு, வேலைநிறுத்தம் அல்ல. 1994 ஆகஸ்டில் சீசன் நடுவில் வீரர்கள் வெளியேறி, இறுதிப் போட்டியான உலகத் தொடரே நடக்காமல் போனது. அந்த ஆயுதம் மறுபடி வீரர்கள் கைக்குப் போகக் கூடாதென்று முந்திக்கொண்டார்கள்.

இனி அணியின் பயிற்சிக்கூடத்தில் வீரர் கால் வைக்க முடியாது. காயம்பட்டவர் அணி மருத்துவரிடம்கூடப் பேச முடியாது. புது வீரர் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. லீக் இணையதளத்தில் வீரர்களின் படங்களையும் எடுத்துவிட்டார்கள் (சின்னப்பிள்ளைத்தனம்).

வீரருக்குச் சம்பளம் சீசன் நாட்களில்தான். முதலாளிக்கும் இப்போது டிக்கெட் வசூல் இல்லை. அதனால் பிப்ரவரிவரை இரு தரப்பும் அவசரப்படாது.

ஜனவரி 25, 2022

சண்டையின் நடுப்புள்ளி நட்சத்திரங்கள் அல்ல, மூன்று வருடம் நிறையாத இளம் வீரர்கள். அவர்களுக்குப் பேரம் பேசும் உரிமை இல்லை. அணி கொடுப்பதுதான் சம்பளம். குறைந்தபட்சம் 5,70,500 டாலர். பெரும்பாலோருக்கு மூன்று வருடம் கழித்துத்தான் சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் மன்றம், ஆறு வருடம் கழித்து எந்த அணிக்கும் போகும் விடுதலை.

அந்த 'வருடம்' 172 நாள். 2015-ல் சிகாகோ கப்ஸ் அணி கிறிஸ் பிரையண்டை முதல் எட்டு ஆட்டங்களுக்குக் கீழ்நிலை அணியில் உட்காரவைத்தது. கணக்கில் ஏறியது 171 நாள். ஒரே நாள் குறைவு. விடுதலை ஒரு வருடம் தள்ளிப்போனது. வழக்குப் போட்டும் தோற்றார்.

இளையவர்களில் நன்றாக ஆடுபவர்களுக்குத் தனி ஊக்கநிதி என்பதை முதலாளிகள் இன்று ஏற்றார்கள். சங்கம் கேட்பது 10.5 கோடி டாலர். அவர்கள் நீட்டியது 1 கோடி.

பிப்ரவரி 4

அரசு மத்தியஸ்தர் வரட்டும் என்றது லீக். சங்கம் மறுத்துவிட்டது.

மார்ச் 1

ஃப்ளோரிடா, ஜூபிடர். நேற்றைய கெடு இன்று மாலை 5 மணிக்குத் தள்ளிப்போய், அதுவும் முடிந்தது. கடைசி நிலவரம்: வரி வரம்பு முதலாளிகள் சொல்லும் 22 கோடி டாலரா, சங்கம் கேட்கும் 23.8 கோடியா, ஊக்கநிதி 3 கோடியா, 8.5 கோடியா. குறைந்தபட்ச ஊதியத்தில் இடைவெளி வெறும் 25,000 டாலர்.

இழுபறியே வரி வரம்பில்தான். அணியின் மொத்தச் சம்பளம் அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு முதல் முறை 20 சதவீத வரி. பெயருக்கு வரி, நடப்பில் உச்சவரம்பு: பெரும்பாலான அணிகள் அதன் பக்கமே போவதில்லை.

லீக் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் சீசனின் முதல் இரண்டு தொடர்களை ரத்து செய்தார். இப்போதுதான் காசு கரையத் தொடங்கும். 186 நாள் சீசனில் பழைய குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் இழப்பு சுமார் 3,067 டாலர்; நட்சத்திரப் பந்துவீச்சாளர் மேக்ஸ் ஷெர்சருக்கு 2,32,975. விளையாட்டு அட்டைகளின் உரிமப் பணத்தைச் சங்கம் பிரித்துக் கொடுக்காமல் சேர்த்துவைத்திருப்பது இந்த நாளுக்காகத்தான்.

மார்ச் 10

முடிந்தது, 99-ஆம் நாளில். வரம்பு 23 கோடி, குறைந்தபட்சம் 7 லட்சம், ஊக்கநிதி 5 கோடி. 29 கோடியில் வரிக்குப் புதிதாக நாலாவது படி; மெட்ஸ் முதலாளி ஸ்டீவ் கோஹனின் பர்ஸைக் குறிவைத்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

முதலாளிகள் 30-0. வீரர்கள் 26-12. ஷெர்சர் உட்பட சங்க நிர்வாகக் குழுவின் எட்டுப் பேரும் எதிர்த்தே வாக்களித்தார்கள். அணிப் பிரதிநிதிகள் 26 பேர் ஒப்புக்கொண்டார்கள். ரத்தான ஆட்டங்களும் திரும்பி வந்ததால் 162 ஆட்டம், முழுச் சம்பளம். தொடக்கம் ஏப்ரல் 7.

வெளிநாட்டு இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் தேர்வுமுறை மட்டும் தீரவில்லை. அதற்குக் கெடு ஜூலை 25.