சோசலிசத்துக்குச் சத்தியம் செய்து ஆரம்பித்த கட்சி

கட்சி ஆரம்பிப்பது என்றால் கொடியும் மேடையும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் கைக்கு வந்தது ஒரு ஃபைல். கீழமாசி வீதியில் மொத்தக் கடை ஒன்றின் மாடியில் கூடிய 30 பேரில் டைப் அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வந்தவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள், மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் சிலர், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். செஸ் வரி, ஜிஎஸ்டி, லைசென்ஸ் என்று ஆளுக்கொரு புலம்பல். அரசாங்கம் ரோடு போடட்டும், தண்ணீர் விடட்டும். வியாபாரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கொள்கை இவ்வளவுதான். பேராசிரியர் இதற்கு 'மைய வலது' என்று பெயர் வைத்தார். 1959-இல் ராஜாஜி இதே வழியில் சுதந்திராக் கட்சி ஆரம்பித்தது, 1967-இல் அது மக்களவையில் 44 இடம் பிடித்தது, 1974-இல் வேறொரு கட்சியில் கரைந்தது என்று அரை மணி நேரம் பேசினார். கரைந்த கதையைக் கடைக்கார அண்ணாச்சி ரசிக்கவில்லை.

அன்றைக்கே கட்சி தொடங்கியதாகத் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி, தொடங்கிய நாளிலிருந்து 30 நாளைக்குள் விண்ணப்பம் டெல்லியில் தேர்தல் ஆணையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காகிதமெல்லாம் தயாரான பிறகு கூட்டம் போட்டிருக்க வேண்டும். நாங்கள் தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கக் கிளம்பினோம்.

பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் டிடி சுலபமாக முடிந்தது, அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார். உயிரை எடுத்தது 100 பேரின் அபிடவிட், அதாவது பிரமாணப் பத்திரம்தான். ஒவ்வொருவரும் வாக்காளராக இருக்க வேண்டும், பதிவான வேறு எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை என்று உறுதி சொல்ல வேண்டும். நம்மூரில் அப்படி 100 பேரா! மேலூர்ப் பெரியவர் ஒருவர் நோட்டரி முன்னால் வாக்காளர் அட்டையை உருவ, கூடவே இரண்டு கட்சிகளின் உறுப்பினர் அட்டைகளும் கீழே விழுந்தன. "இது பங்காளி சொன்னாருன்னு, அது மச்சினன் கோவிச்சுக்குவாருன்னு" என்றார். நோட்டரி பேனாவை மூடி வைத்துவிட்டார். அப்படியே 11 பேர் கழிந்தார்கள். மறுபடி ஆள் பிடிக்க வாடிப்பட்டி வரை போனேன்.

அடுத்தது பைலா, அதாவது கட்சியின் சட்டதிட்டம். அரசியலமைப்புக்கும், சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகக் கொள்கைகளுக்கும் விசுவாசமாக இருப்போம் என்று அதில் எழுதியே ஆக வேண்டும். நான் வாசித்ததும் அண்ணாச்சி கையைத் தூக்கினார்.

"ஏப்பா, அது வேணாம்னுதான இங்கன கூடுனோம்? அதுக்கே சத்தியம் பண்ணச் சொல்றியே?"

சுதந்திராக் கட்சிக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்த 29ஏ பிரிவு அமலுக்கு வந்ததே 1989-இல்தான் என்றார் பேராசிரியர். சரி, எழுதினோம். இன்றும் அந்த வரி எனக்கு உறுத்தல்தான்.

தலைவர் விவகாரத்தில்தான் குடுமிப்பிடி. அண்ணாச்சியின் மருமகன் எழுதிய வரைவில் 'நிறுவனத் தலைவர், ஆயுட்காலத்துக்கு' என்று இருந்தது. அதிகபட்சம் 5 வருடத்துக்கு ஒருமுறை உட்கட்சித் தேர்தல் நடத்த வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். சீட்டு எழுதிப் போட்டதில் பேராசிரியர் தலைவர், அண்ணாச்சி பொருளாளர். அப்புறம் அண்ணாச்சி போனையே எடுக்கவில்லை. அலுவலக முகவரிக்குக் கட்டட உரிமையாளரின் ஆட்சேபமில்லாக் கடிதம் வேண்டும்; கட்டடமோ அவருடையது. கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது பேராசிரியரே கடைக்குப் போய், மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கடிதத்தோடு வந்தார். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை.

பிறகு தேசிய நாளிதழ் இரண்டு, உள்ளூர் நாளிதழ் இரண்டு, இரண்டிரண்டு நாள் விளம்பரம். டிடியைவிட இதற்குத்தான் செலவு. ஆட்சேபம் சொல்ல 30 நாள் அவகாசம், ஒன்றும் வரவில்லை. "நம்மள ஒரு பயலும் கண்டுக்கலையே" என்று அண்ணாச்சிக்கு வருத்தம்.

பதிவுக் கடிதம் வந்த அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சின்னம் எப்ப வரும்?"

தேர்தல் நேரத்தில்தான் கேட்க முடியும், எல்லாருக்கும் ஒரே சின்னம் வேண்டுமென்றால் 234-இல் 5 சதவீதம், அதாவது 12 தொகுதியிலாவது ஆள் நிறுத்த வேண்டும் என்றேன். மதுரை மாவட்டத்தில் இருப்பதே 10. அண்ணாச்சி விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "மேலூருக்கு ஒரு ஆள் இருக்கு. திருமங்கலம், என் சகலை. உசிலம்பட்டி..." என்று விரலைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார்.