வெயில் காலத்தில் துடுப்பு இயந்திரமும் மார்புப் பட்டையும்

படகு வலிப்பதுபோல் உட்கார்ந்து கைப்பிடியை இழுக்கும் துடுப்பு இயந்திரத்தில் பயிற்சி செய்பவர்களுள் பெரும்பாலோர் திரையில் கவனிப்பது, ஐந்நூறு மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று காட்டும் வேக எண்ணை மட்டுமே. பாலக்காட்டுக் கணவாயின் நடுவே, மாசி பிறந்தாலே வெயில் ஏறத் தொடங்கிவிடும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு அது போதாது, பக்கத்திலேயே இதயத் துடிப்பும் தெரிந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

இயந்திரத்தின் கணக்கில் குறை ஒன்றும் இல்லை. துடுப்புகள் செய்யும் நிறுவனமாகத் தொடங்கிய கான்செப்ட்2, 1981-இல் தன் முதல் உள்ளரங்கத் துடுப்பு இயந்திரத்தை வெளியிட்டது; இன்று ஜிம்களில் நாம் காணும் காற்றுத்தடை இயந்திரங்கள் பலவும் அந்த வழியில் வந்தவைதான். ஒவ்வோர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையில் சக்கரம் எவ்வளவு விரைவாக வேகம் குறைகிறது என்பதை அளந்து, அன்றைய காற்றுத்தடையைக் கண்டுபிடித்து, அதைக் கொண்டே நாம் செலுத்திய ஆற்றலை அது கணக்கிடுகிறது. ஆகவே சக்கரத்துக்குப் போகும் காற்றின் அளவை மாற்றும் டாம்பர் என்ற நெம்புகோலை 10-இல் வைத்தால்தான் வீரம் என்று நினைக்கும் ஜிம் தம்பிகளுக்கும், 4-இல் வைத்து இழுக்கும் எனக்கும் 150 வாட் என்பது ஒரே 150 வாட்தான். வேகத்துக்கும் ஆற்றலுக்கும் உள்ள உறவு மும்மடிப் பெருக்கத்தில் அமைந்திருப்பதால், ஐந்நூறு மீட்டருக்கு 2:30 என்ற வேகத்துக்கு ஏறத்தாழ 104 வாட் போதுமானதாக இருக்க, 2:00 என்ற வேகத்துக்கு 203 வாட் வேண்டியிருக்கிறது. முப்பது நொடியைக் குறைக்க உழைப்பு இரட்டிப்பாக வேண்டும்.

ஆனால் அந்த உழைப்புக்கு உடல் கொடுக்கும் விலை நாளுக்கு நாள் மாறுகிறது. மார்கழி விடியலில், கணவாய்க் காற்று திண்ணையின் குறுக்கே வீசிக்கொண்டிருக்கும்போது, 110 வாட்டில் நாற்பது நிமிடம் இழுத்தாலும் என் துடிப்பு 128-ஐ ஒட்டியே நிற்கும். பங்குனி மாலையில் அதே 110 வாட்டில் பத்தாவது நிமிடம் 130 என்று தொடங்கும் துடிப்பு, நாற்பதாவது நிமிடத்தில் 145-ஐத் தாண்டிவிடும். வேக எண்ணோ அசையாமல் இருக்கும். உடலைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குத் திருப்பப்படுகிறது, வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, அதனால் ஒரு துடிப்புக்கு இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு சுருங்குகிறது. குறைந்ததை ஈடுகட்ட இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. தண்ணீரில் படகு ஓட்டுகிறவருக்குப் படகின் வேகமே காற்றைக் கொடுக்கும். அறைக்குள் நகராமல் இழுப்பவருக்கு அந்த வசதி இல்லை என்பதால், இயந்திரத்துக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டிய கருவி ஒரு நல்ல மேசை விசிறி என்றே சொல்வேன். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக் காலமும் ஏமாற்றக்கூடியது: வெப்பம் தணிந்திருந்தாலும் ஈரக்காற்றில் வியர்வை உலராது, துடிப்பு ஏறத்தான் செய்யும்.

எனவே நிதானமான பயிற்சி நாள்களில் நான் வேகத்தைக் குறியாக வைப்பதில்லை. துடிப்புக்கு ஒரு மேல் எல்லையை வைத்துக்கொண்டு, அதைத் தொடும்போது ஆற்றலைப் பத்து வாட் குறைத்து, நிமிடத்துக்கு இருபது இழுப்பு என்ற தாளத்தை மட்டும் விடாமல் தொடர்கிறேன்.

இதற்கெல்லாம் துடிப்பின் அளவு சரியாக இருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் வாட்ச், தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து துடிப்பை ஊகிக்கிறது. துடுப்பு இயந்திரத்திலோ கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதால் முன்கைத் தசைகள் விறைக்கின்றன, மணிக்கட்டும் ஒவ்வோர் இழுப்பிலும் மடங்குகிறது. இவை அந்த ஊகத்தைக் குலைப்பதற்குப் போதும். மார்புப் பட்டை இதயத்தின் மின்சைகையை நேரடியாகப் பிடிக்கிறது. அதைக் கட்டப் பிடிக்காதவர்கள் மேற்கையில் அணியும் ஒளிப்பட்டையைப் பயன்படுத்தலாம். வாட்ச்சை விட அது எவ்வளவோ மேல்.

மார்புப் பட்டைக்கும் சில குணங்கள் உண்டு. உலர்ந்த தோலில் கட்டினால் முதல் சில நிமிடங்கள் எண்கள் தாறுமாறாக வரும். உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினால் அந்தத் தொல்லை இராது. இழுப்பின் முடிவில் கைப்பிடி வந்து சேரும் இடமும் பட்டை இருக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், பட்டையை ஒரு விரற்கடை மேலே ஏற்றிக் கட்டுவது நல்லது. பழைய ப்ளூடூத் பட்டைகள் பல ஒரு நேரத்தில் ஒரு கருவியோடு மட்டுமே பேசும். போனில் உள்ள செயலி முந்திக்கொண்டால் இயந்திரத்தின் திரையில் எண் வராது, பலரும் பட்டை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆன்ட்+ என்ற மற்றொரு கம்பியில்லாத் தொடர்பு முறைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நாலைந்து பேர் பட்டை கட்டியிருக்கும் ஜிம்மில், திரையின் பட்டியலில் நம் பட்டையின் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் அடுத்தவர் இதயத்தை நம்பி நாம் இழுத்துக்கொண்டிருப்போம்.

அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று விட்டுவிட்டு வேகமாக இழுக்கும் பயிற்சிகளுக்குத் துடிப்பு உதவாது. அது உழைப்புக்குப் பின்னால் தாமதமாகவே ஏறும் என்பதால் அங்கே வாட்டையே பார்க்க வேண்டும்.

துடிப்பின் மேல் எல்லையை முடிவு செய்ய உதவும் உச்சத் துடிப்பைக் கணிக்க 220-இலிருந்து வயதைக் கழிக்கும் வழக்கம் உள்ளது. 2001-இல் வெளிவந்த வேறொரு சூத்திரம், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்கச் சொல்கிறது. அறுபது வயதுக்காரருக்கு முதலாவது 160 என்றும் இரண்டாவது 166 என்றும் சொல்லும். இரண்டுமே சராசரிகள், தனி மனிதரிடம் பத்துத் துடிப்பு கூடக் குறைய இருப்பது சாதாரணம்.

கோவையிலிருந்து வந்து எங்களோடு தங்கும் என் மாமனார், "மாப்ள, எவ்வளவு இழுத்தாலும் நூத்திப்பத்தத் தாண்ட மாட்டேங்குதே, பட்டைல ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று கேட்டார். பட்டையில் கோளாறு இல்லை. இரத்த அழுத்தத்துக்காக அவர் உட்கொள்ளும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை துடிப்பை ஏற விடாமல் தடுக்கிறது, ஆகவே எந்தச் சூத்திரமும் அவருக்குப் பொருந்தாது. "மாமா, நீங்க அந்த நம்பரப் பாக்காதீங்க, மூச்சு வாங்காம பேசிட்டே இழுக்க முடியுதான்னு மட்டும் பாருங்க, எவ்வளவு தூரம் போலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்" என்றேன். அவர் இப்போது 60 வாட்டில், தென்னை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இழுக்கிறார்.