வெயில் கிடைக்காத ஊரில் பிள்ளைத்தாச்சி

இலங்கையில் எங்கள் ஊரில் கர்ப்பிணி கிளினிக்குக்குப் போனால் நிறை பார்ப்பார்கள், இரும்புச்சத்துக் குளிசையும் திரிபோஷா என்ற சத்துமாப் பைக்கற்றும் தந்து அனுப்புவார்கள். நோர்வேயின் ஒஸ்லோவில் மருத்துவிச்சி கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, மீனெண்ணெய் குடிக்கிறீர்களா என்பது. இரத்தப் பரிசோதனையில் என் விற்றமின் டி லீற்றருக்கு 22 நானோமோல் என்று வந்தது. 50க்குக் கீழே என்றாலே இங்கே குறைவுதான். அவருக்கு அதில் எந்த அதிர்ச்சியும் இல்லை. ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் குறூருட் பள்ளத்தாக்கில் பாகிஸ்தான், சோமாலியா, இலங்கை என்று எல்லாத் தாய்மாரும் வந்து போகிற கிளினிக் அது.

ஒஸ்லோ கிட்டத்தட்ட 60 பாகை வடக்கில் இருக்கிறது. குளிர்காலம் முழுக்கச் சூரியன் தாழ்வாகவே நகர்வதால், தோலில் விற்றமின் டியை உண்டாக்கும் புற ஊதாக் கதிர் போதியளவு கீழே வந்து சேராது. எங்களின் தோல்நிறத்துக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "யன்னலடியில வெயில் விழுதே, அதில கொஞ்ச நேரம் இரன் பிள்ளை" என்பா. கண்ணாடி அந்தக் கதிரைத்தான் முதலில் மறிக்கும் என்று சொன்னால் நம்பமாட்டா.

மாமா எண்பதுகளில் வட நோர்வேயின் பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கொட் மீனின் ஈரல் எண்ணெய்ப் போத்தலை மேசையில் வைத்து, "நான் வெட்டின மீன்ர ஈரல்தான், கண்ணை மூடிக்கொண்டு குடி" என்றார். ஒரு தேக்கரண்டியில் 10 மைக்ரோகிராம் விற்றமின் டி. ஈரல் எண்ணெயில் விற்றமின் ஏயும் இருப்பதால், கர்ப்பிணிகள் கரண்டிக் கணக்கைக் கூட்டக் கூடாது. அதனால் எனக்கு மேலதிகமாக விற்றமின் டி குளிசை எழுதித் தந்தார்கள்.

தெரிந்த அக்கா ஒருவர் என் விற்றமின் டி 22 என்று கேட்டதும், "அப்ப பிள்ளை சின்னனாத்தான் பிறக்கும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் கதையில் கோபம் இன்னும் இருக்கிறது, ஏனென்றால் இதே பள்ளத்தாக்கிலேயே அதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2008 முதல் 2010 வரை இங்குள்ள கர்ப்பிணிகளைச் சேர்த்து நடத்திய ஸ்டோர்க் ஆய்வில், விற்றமின் டி குறைந்த தாய்மாரின் பிள்ளைகள் முதற்பார்வைக்குச் சிறியவர்களாகத்தான் தெரிந்தார்கள். தாய் எந்த இனத்தவர் என்பதையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு கரைந்துபோனது. தெற்காசியத் தாய்மாருக்கு விற்றமினும் குறைவு, பிள்ளைகளும் சராசரியில் சிறிது. இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதால் ஒன்று மற்றதன் காரணமாகிவிடாது. டாக்காவில் ஏறத்தாழ 1,300 கர்ப்பிணிகளுக்கு, சிலருக்கு வாரம் 28,000 அலகு வரை, விற்றமின் டி கொடுத்துப் பார்த்த பரிசோதனை 2018இல் வெளிவந்தது. பிறந்தபோதும் ஒரு வயதிலும் பிள்ளைகளின் அளவில் மாற்றம் இல்லை.

அப்படியென்றால் ஏன் குடித்தேன்? பிறக்கும்போது பிள்ளையிடம் இருக்கும் விற்றமின் டி முழுவதும் தாயிடமிருந்து போவது. அது மிகவும் குறைந்தால் இரத்தத்தில் கல்சியம் குறைந்து சிசுவுக்கு வலிப்புக்கூட வரலாம். தாய்ப்பாலிலும் இந்த விற்றமின் மிகக் கொஞ்சம்தான். பருமனுக்காக இல்லாவிட்டாலும் குடிக்க இவ்வளவு காரணம் போதும்.

மகள் 2,900 கிராமில் பிறந்தாள். நோர்வேப் பிள்ளைகளின் வளர்ச்சி வளைகோட்டில் அவளுடைய புள்ளி கீழே இருந்தது. சுகாதார நிலையத் தாதி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கோடு ஒழுங்காக ஏறுகிறதா என்றுதான் ஒவ்வொரு முறையும் பார்த்தார். தினமும் ஐந்து துளி விற்றமின் டி கொடுக்கச் சொன்னார்.

இங்கே குளிரிலும் பிள்ளையை வண்டிலில் சுற்றிப் போர்த்து வெளியே நித்திரையாக்குவார்கள். நாங்களும் பல்கனியில் விட்டோம். மாமிக்கு ஒரே பயம். பிறகு ஒருநாள், "பரவாயில்லை, வெயிலாவது படும்" என்று தானே சமாதானமானா. போர்வைக்கு வெளியே தெரிந்தது மூக்கு நுனி மட்டும். நான் ஒன்றும் சொல்லாமல் துளிப் போத்தலை எடுக்கப் போனேன்.